பழைய வீட்டுக் கருவிகளைச் சேகரிப்பதும் காட்சிக்கு வைப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இழைப்புளி, கரி இஸ்திரிப் பெட்டி, கைட்ரில், தராசு, அரிக்கேன் விளக்கு, கையால் சுற்றும் தையல் மெஷின். பழைய பொருட்களோடு கைமாறி வரும் இவற்றை வாங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது: பழைய கருவியின் மதிப்பு, அதைப் பிடித்த கைகள் அதில் விட்டுப்போன தேய்மானத்தில் இருக்கிறது. துருவை நிறுத்துங்கள். தேய்மானத்தை அழிக்காதீர்கள்.

பார்த்ததையெல்லாம் வாங்கத் தோன்றுகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். துணி தேய்ப்பது, எடை போடுவது, மரம் இழைப்பது, வெளிச்சம் தருவது என்று ஏதாவது ஒன்று. ஒரே வேலைக்கான பத்துக் கருவிகளை அருகருகே வைத்தால், ஒவ்வொன்றும் முந்தையதன் எந்தக் குறையைத் தீர்க்க வந்தது என்று தெரியும். உதாரணத்துக்கு இஸ்திரிப் பெட்டியையே எடுத்துக்கொள்ளலாம். முழு இரும்பாக வார்த்த பெட்டியை அடுப்பில் வைத்துச் சூடாக்கும்போது கைப்பிடியும் சேர்ந்து கொதிக்கும். மேரி பாட்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி கழற்றி மாட்டும் மரக் கைப்பிடிக்கு 1871இல் காப்புரிமை வாங்கினார். மூன்று அடிப்பாகங்கள் அடுப்பில் இருக்க, ஒரே பிடி மாறி மாறி வேலை செய்யும். இந்த இரண்டு வகையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் விளக்க அட்டையே தேவையில்லை.

இடத்தையும் இப்போதே யோசித்துவிடுங்கள். இஸ்திரிப் பெட்டி ஒன்று 2 முதல் 5 கிலோ வரை இருக்கும். இருபது சேர்ந்தால் சாதாரண புத்தக அலமாரி வளைந்துவிடும்.

வாங்கும் இடத்தில் என்ன பார்க்க வேண்டும்?

துரு பயமுறுத்தத் தேவையில்லை. பெரும்பாலும் எடுத்துவிடலாம். எடுக்க முடியாத குறைகள் மூன்று: வார்ப்பிரும்பில் விரிசல், காணாமல்போன பாகம், ஆழமாக அரித்த குழி.

வார்ப்பிரும்பு கண்ணாடி மாதிரி. வளையாது, உடையும். ஒருமுறை கீழே விழுந்த இழைப்புளியின் அடித்தகட்டில், அலகு வெளியே வரும் வாய்க்குப் பக்கத்தில்தான் மயிரிழை விரிசல் ஓடும். கருவியை ஒரு விரலில் தொங்கவிட்டு மரக்கட்டையால் மெதுவாகத் தட்டுங்கள். நல்ல வார்ப்பு மணிபோல் ஒலி தரும். விரிசல் விட்டது தட்டையாக 'டொக்' என்று அடங்கும். ஆனால் ஸ்க்ரூ தளர்ந்திருந்தாலும் சத்தம் மங்கும், எனவே இதை மட்டும் நம்ப வேண்டாம்.

உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் மண்ணெண்ணெயும் சாக்பீஸும் போதும். சந்தேகப்படும் இடத்தில் மண்ணெண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விடுங்கள். துணியால் ஈரமே இல்லாமல் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியை மெல்லிய படலமாகப் பூசுங்கள். கால் மணி நேரத்தில், விரிசலுக்குள் தங்கிய எண்ணெய் வெளியே கசிந்து, வெள்ளைப் பொடியின் நடுவே கருத்த கோடாக எழுந்து நிற்கும். கோடு நேராக இல்லாமல் நெளிந்து போனால் அது விரிசலேதான். நேராகவும் ஒரே தடிப்பாகவும் இருந்தால் அச்சின் தழும்பாக இருக்கலாம்.

காணாமல்போன பாகம் என்றால், அது பொதுவான மரையாணியா அல்லது அந்தக் கருவிக்கே உரிய உறுப்பா என்று பாருங்கள். பழைய கருவிகளின் மரைகள் இன்றைய மில்லிமீட்டர் மரைகளோடு சேராது. பல இங்கிலாந்துக் கருவிகளில் 1841இல் விட்வொர்த் என்ற ஆங்கிலப் பொறியாளர் வகுத்த மரை இருக்கும். சில நிறுவனங்கள் தங்களுக்கென்றே தனி மரை வைத்திருந்தன. முதல் இரண்டு சுற்று ஏறிய புது ஆணி மூன்றாவது சுற்றில் இறுகினால், அங்கேயே நிறுத்துங்கள். முறுக்கினால் வார்ப்பின் உள்மரை சிதைந்துவிடும்.

பித்தளையா, பித்தளை முலாமா?

காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு. ஒட்டாவிட்டால் பித்தளை என்று அர்த்தமில்லை. துத்தநாகக் கலவையில் வார்த்து முலாம் பூசியதும் காந்தத்தில் ஒட்டாது.

அடர்த்தியை அளந்தால் ஐயம் தீரும். டிஜிட்டல் தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து பூஜ்ஜியமாக்குங்கள். பொருளை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுதாக மூழ்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் பொருளின் கன அளவு, மில்லிலிட்டரில். பொருளின் எடையை அந்த எண்ணால் வகுங்கள். எடை 640 கிராம், மூழ்கும்போது காட்டியது 75 என்றால் விடை 8.5, பித்தளை. வார்ப்பிரும்புக்கு 7.2 அளவிலும் துத்தநாகக் கலவைக்கு 6.7 அளவிலும் அலுமினியத்துக்கு 2.7 அளவிலும் வரும். உள்ளே காற்று அடைபட்டிருந்தால் கணக்கு தப்பும். மரப்பிடி உள்ளதை மூழ்கடிக்கக் கூடாது.

எந்தக் காலத்துப் பொருள் என்று எப்படிச் சொல்வது?

ஒரே அடையாளத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு மூன்று ஒரே காலத்தைச் சொன்னால்தான் நம்பலாம்.

பொறித்த எழுத்து முதலில். அமெரிக்காவுக்கு இறக்குமதியாகும் பொருட்களில் தயாரித்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற சட்டம் 1891இல் நடைமுறைக்கு வந்தது. அதனால் நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. 'மேற்கு ஜெர்மனி' என்றிருந்தால் 1949க்கும் 1990க்கும் இடையில். 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என்ற முத்திரை இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய சில ஆண்டுகளுடையது, 1952க்குப் பிறகு இல்லை. இங்கிலாந்தில் பதிவு செய்த வடிவங்களுக்கு 1842 முதல் 1883 வரை சாய்சதுர முத்திரை போட்டார்கள். 1884 முதல் அது வெறும் பதிவு எண்ணாக மாறியது. சிங்கர் தையல் மெஷினின் வரிசை எண்ணில் முன்னால் எழுத்து இருந்தால் 1900 அல்லது அதற்குப் பிறகு. வெறும் இலக்கங்கள் என்றால் அதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

காப்புரிமைத் தேதியைத் தயாரித்த தேதி என்று எடுத்துக்கொள்வது எல்லோரும் செய்யும் தவறு. அந்தத் தேதிக்கு முன்னால் செய்திருக்க முடியாது என்பது மட்டுமே அதன் பொருள். அதே அச்சில் முப்பது ஆண்டு கழித்தும் வார்த்திருப்பார்கள்.

அடுத்தது பொருள். பேக்லைட்டை லியோ பேக்லாண்ட் கண்டுபிடித்தது 1907இல். ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருக்கியது 1913இல். நட்சத்திரத் தலை ஸ்க்ரூ 1930களில்தான் பரவியது. மர ஸ்க்ரூவின் நுனி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மழுங்கலாக இருந்தது, கூர்நுனி அதற்குப் பிறகு. ஆனால் ஸ்க்ரூவை யாரும் எப்போது வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம். அது உட்கார்ந்திருக்கும் குழியில் பழைய அழுக்கு வளையம் குலையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

புதிதாகச் செய்து பழசாக்கியதை எப்படிப் பிடிப்பது?

கை எங்கே படும் என்று யோசியுங்கள். இழைப்புளியின் பின்பிடியில் கட்டைவிரல் அணையும் பள்ளம் வழவழப்பாகவும் கருத்தும் இருக்கும். கை எட்டாத உள்மூலை சொரசொரப்பாக, வெளிறி இருக்கும். பழசாக்கிய பொருளில் எல்லா இடமும் ஒரே அளவு கருத்திருக்கும். கரி இஸ்திரிப் பெட்டியில் மூடியைத் திறந்து உட்சுவரைப் பாருங்கள். வருடக்கணக்கில் கரி எரிந்த இரும்பு செதில் செதிலாகப் பொரிந்திருக்கும். உள்ளே மழமழப்பும் வெளியே துருவும் இருந்தால் ஏதோ சரியில்லை. மூடி உடலோடு பொருந்தாமல் ஆடுவது, விளிம்பில் சாணை பிடித்த இணைகோடுகள், எழுத்துகளின் ஓரம் உருகியதுபோல் மழுங்கியிருப்பது ஆகியவை பழைய பொருளை அச்சாக வைத்து மறுபடி வார்த்ததன் அறிகுறிகள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலை என்ன?

நாலு பக்கமும் படம் எடுங்கள். பிறகு பாலித்தீன் பையில் தனியாக இரண்டு வாரம் வையுங்கள், மற்றவற்றோடு சேர்க்க வேண்டாம். மரப்பாகம் உள்ளதை வெள்ளைத்தாள் மேல் வையுங்கள். மரத்தில் ஊசித்துளை இருந்து, தாளில் மாவுபோல் வெளிர்நிறத் தூள் கொட்டினால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது.

அதற்கு மருந்தைவிடக் குளிர் நல்லது. பாலித்தீனில் இறுக்கிச் சுற்றி, காற்றை வெளியேற்றி, ஒட்டி, −18 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரித்துவிடாதீர்கள். குளிர்ந்த இரும்பின் மேல் காற்றின் ஈரம் வியர்த்து, ஒரே இரவில் புதுத் துரு ஏறும். ஒரு நாள் முழுக்க பையோடு விட்டு, அறையின் சூட்டுக்கு வந்த பிறகு பிரியுங்கள்.

துருவை எப்படி எடுப்பது?

முதலில் வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் ஆரஞ்சுத் தூள் வந்தால் துரு இன்னும் அரித்துக்கொண்டிருக்கிறது, எடுக்க வேண்டும். கரும்பழுப்பாக இறுகி, துணியில் எதுவும் வராவிட்டால் அதைத் தொடாதீர்கள். அந்தக் கருமை இரும்புக்குப் பாதுகாப்பு. ஒருமுறை சுரண்டினால் திரும்பி வரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

மேலோட்டமான துருவுக்கு மண்ணெண்ணெயும் 0000 எண் எஃகுப் பஞ்சும் (மிக நுண்ணிய ரகம்). எண்ணெயில் அரை மணி ஊறவிட்டு, கருவி உழைத்த திசையிலேயே தேய்க்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் வெளிச்சத்தில் சுழி சுழியாகத் தெரியும். தட்டையான பரப்பில் ஒற்றை முனைச் சவரபிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சீவினால் துரு மட்டும் பெயர்ந்து வரும், கீழே உள்ள கருமை தங்கும். எங்கள் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட கருவிகளுக்கு இதற்கு மேல் தேவைப்படுவதில்லை. உப்புத்தாளும் கம்பிச் சக்கரம் மாட்டிய மெஷினும் வேண்டவே வேண்டாம். அவை துருவோடு பொறித்த பெயரையும் விளிம்பையும் எடுத்துவிடும்.

கெட்டியான துருவுக்குச் சிட்ரிக் அமிலம். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம். மரம், பித்தளை, முலாம் பூசிய பாகங்களைக் கழற்றிவிட்டு, சோப்பால் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிய பிறகு மூழ்கவிடுங்கள். பிசுக்கு உள்ள இடத்தில் அமிலம் ஏறாது, திட்டுத் திட்டாக வரும். பாதி மட்டும் மூழ்கினால் நீர்மட்டத்தில் ஒரு கோடு அரித்து நிரந்தரமாக நிற்கும். மணிக்கொருமுறை எடுத்துப் பிரஷால் தேயுங்கள். பெரும்பாலும் 3 முதல் 12 மணி நேரத்தில் முடியும். ஸ்ப்ரிங்கையும் கடினப்படுத்திய மெல்லிய அலகையும் இதில் போடக் கூடாது. அமிலத்தில் உண்டாகும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கவைக்கும்.

அமிலத்தில் ஊறவைத்து எடுத்தேன். அரை மணியில் மறுபடி ஆரஞ்சு நிறம் வந்துவிட்டது. ஏன்?

துருவோடு சேர்த்து மேற்பரப்பின் பாதுகாப்பும் போய்விட்டது. நிர்வாணமான இரும்பும் தண்ணீரும் காற்றும் சேர்ந்தால் நிமிடக் கணக்கில் துரு ஏறும். எஞ்சிய அமிலம் அதை இன்னும் வேகப்படுத்தும். எனவே அமிலத்திலிருந்து எடுக்கும் முன்பே அடுத்த எல்லாவற்றையும் தயாராக வைத்திருக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்த கரைசலில் பத்து நிமிடம். அடுத்து கொதிக்கக் கொதிக்கச் சுடுநீரில் ஒரு முக்கு. இரும்பு சூடேறினால் ஈரம் தானே ஆவியாகும். உடனே துணி, அதன்பின் ஹேர் டிரையர். தொட்டால் சூடு தெரியும்போதே தையல் மெஷின் எண்ணெய்.

வினிகரில் இரண்டு மூன்று நாள் மறந்துவிட்டால் இரும்பு மங்கிய சாம்பல் நிறமாகிவிடும். அது துரு இல்லை. நல்ல இரும்பின் மேல்தோலையே அமிலம் கரைத்துவிட்டது. எஃகுப் பஞ்சால் கொஞ்சம் தேற்றலாம், பழையபடி ஆகாது.

மின்சாரம் பாய்ச்சித் துருவெடுப்பது பாதுகாப்பானதா?

முறையாகச் செய்தால் வார்ப்பிரும்புக்கு இதைவிட மென்மையான வழி இல்லை. நல்ல இரும்பைத் தொடாமல் துருவை மட்டும் தளர்த்தும்.

பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டர் தண்ணீர், 40 கிராம் வாஷிங் சோடா. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைக் கருவியில் மாட்டுங்கள், நேர்முனையை வேண்டாத இரும்புத் தகட்டில். இதை மாற்றி மாட்டினால் கருவி கரைந்து தகடு தப்பிக்கும். எனவே இரண்டு முறை பாருங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. தகட்டைப் பார்த்த பக்கம்தான் நன்றாகச் சுத்தமாகும், ஆகவே நடுவில் ஒருமுறை திருப்பி வையுங்கள். 2 முதல் 4 ஆம்பியரில் ஓர் இரவு போதும். கையை உள்ளே விடுமுன் மின்சாரத்தை நிறுத்துங்கள். பேட்டரியைத் தானே அறிந்து வேலை செய்யும் புதுவகைச் சார்ஜர் இதற்கு இயங்காமல் போகலாம்.

செய்யக் கூடாதவை மூன்று. துருப்பிடிக்காத எஃகை நேர்முனையில் மாட்டாதீர்கள், தண்ணீரில் நச்சுத்தன்மையுள்ள குரோமியம் கலக்கும். வாஷிங் சோடாவுக்குப் பதில் உப்பைப் போடாதீர்கள், குளோரின் வாயு வரும். மூடிய அறையில் செய்யாதீர்கள். எழும் குமிழிகளில் இருக்கும் ஹைட்ரஜன் ஒரு தீப்பொறியில் வெடிக்கும்.

துருவெடுத்த பிறகு எதைப் பூசுவது?

காட்சிக்கு மட்டும் வைப்பதற்கு மெழுகு. கையாளும் கருவிக்கு மெல்லிய கனிம எண்ணெய். சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம். சில மாதங்களில் காற்றோடு சேர்ந்து பிசினாகி, தூசியைப் பிடித்து, அகற்றவே முடியாத மஞ்சள் படலமாகும். மெழுகில் நுண்படிக மெழுகு சிறந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆய்வகத்தில் 1950களில் அருங்காட்சியகப் பொருட்களுக்கென்றே உருவான கலவை இந்த வகைதான். ஹேர் டிரையரால் இரும்பை இளஞ்சூடாக்கி, பட்டாணி அளவு மெழுகைத் துணியில் எடுத்துத் தடவி, பத்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். கார் பாலிஷில் உரசும் துகள் கலந்திருக்கும், தவிர்க்கவும்.

பித்தளையைப் பளபளவென்று தேய்க்கலாமா?

தேய்க்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உலோகம் போகிறது. தராசுத் தட்டில் பொறித்த எண் மங்குவது பெரும்பாலும் பாலிஷால்தான். பச்சைக் களிம்பை மட்டும் மரக்குச்சியால் சுரண்டி, மெழுகு பூசி, பழுப்பு நிறத்தோடு விடுவதே எங்கள் விருப்பம். புளியிலோ எலுமிச்சையிலோ அதிக நேரம் ஊறினால் மேற்பரப்பில் துத்தநாகம் கரைந்து செம்பு மிஞ்சும். பித்தளை இளஞ்சிவப்பாகத் தெரிவது அதனால்தான்.

அம்மோனியா கலந்த எந்தத் துப்புரவுத் திரவத்தையும் பித்தளைக்குப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டன. லாயத்துக் காற்றில் இருந்த அம்மோனியாவே காரணம் என்று 1921இல் விளக்கினார்கள். தட்டி உருவாக்கிய பித்தளைக்குள் இறுக்கம் அடைபட்டிருக்கும், அம்மோனியா அதைப் பிளந்துவிடும். தட்டி எடுத்த மெல்லிய தகட்டுப் பொருட்கள் எல்லாவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு.

சுத்தியலின் மரப்பிடி ஆடுகிறது. தண்ணீரில் ஊறவைத்தால் இறுகுமாமே?

இறுகும், ஒரு வாரத்துக்கு. ஈரத்தில் உப்பிய மரம் இரும்புத் துளைக்குள் விரிய இடமில்லாமல் தன் நாரையே நசுக்கிக்கொள்ளும். காய்ந்ததும் முன்பைவிடச் சிறுத்து, இன்னும் அதிகமாக ஆடும். பிடியைக் கழற்றி, பழைய ஆப்பை எடுத்து, கொஞ்சம் ஆழமாக இறக்கி, புது மர ஆப்பு அடிப்பதுதான் வழி. காட்சிக்கு மட்டும் என்றால் மெல்லிய மரச்சீவலைச் செருகினாலே போதும். பழைய ஆப்பை எறியாமல் பதிவோடு சேர்த்து வையுங்கள்.

உலர்ந்த பிடிக்கு ஆளி விதை எண்ணெயை மிக மெல்லியதாக ஒரு பூச்சு. கால் மணி கழித்து மிச்சத்தை முழுதாகத் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டும். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். இந்த எண்ணெய் காயும்போது வெப்பம் வெளிவிடும், சுருட்டிய துணிக்குள் வெப்பம் தேங்கித் தானே தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி, வெளியே விரித்துக் காயவிட்டு, பிறகு எறியுங்கள்.

இறுகிய ஸ்க்ரூ வரவே மாட்டேன் என்கிறது.

முதலில் அதன் தலையில் உள்ள வெட்டை ஊசியால் அடிவரை சுத்தம் செய்யுங்கள். வெட்டின் நீளத்துக்கும் தடிப்புக்கும் சரியாக உட்காரும் திருப்புளி வேண்டும். தளர்ந்த திருப்புளிதான் பழைய ஸ்க்ரூ தலைகளைச் சிதைப்பது. அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் எண்ணெயும் (தானியங்கி கியர் உள்ள கார்களுக்கானது) சம அளவு கலந்து, தினமும் இரண்டு சொட்டு வீதம் மூன்று நாள் விடுங்கள். அசிட்டோன் பெயின்ட்டைக் கரைக்கும், பெயின்ட் உள்ள இடத்தில் மண்ணெண்ணெய் போதும். திருப்புளியை வெட்டில் வைத்து அதன் தலையில் சுத்தியலால் இரண்டு சிறு தட்டு. பிறகு கழற்றும் திசைக்கு முன் இறுக்கும் திசையில் இம்மியளவு. துரு உடைந்தால் 'கிளிக்' என்று கேட்கும். அசையவில்லையென்றால் விட்டுவிடுங்கள். கழற்றாத ஸ்க்ரூவால் காட்சிக்கு ஒரு கேடும் இல்லை.

தையல் மெஷினின் தங்க ஓவியம் துடைத்ததும் போய்விட்டது.

ஸ்பிரிட்டோ சானிடைசரோ பட்டிருக்கும். பல பழைய மெஷின்களின் மேற்பூச்சு அரக்கு, அது ஆல்கஹாலில் கரையும். தண்ணீரும் அம்மோனியாவும்கூட அதை வெளுக்கச் செய்யும். தையல் மெஷின் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு, தெரியாத மூலையில் சோதித்துவிட்டு, அழுத்தாமல் துடையுங்கள். பஞ்சில் தங்கத்தூளோ பழுப்புச் சாயமோ வந்தால் உடனே நிறுத்துங்கள். போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. உள்ளே இறுகிய பழைய எண்ணெய்க்கு ஓவியத்தில் படாமல் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுச் சுற்றுங்கள். சக்கரத்தைப் பலம் போட்டுத் திருப்ப வேண்டாம்.

எவை உண்மையிலேயே ஆபத்தானவை?

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தை 1978இல்தான் தடை செய்தார்கள், பல நாடுகளில் இன்னும் தாமதம். உலர்வாக உரசாதீர்கள், தூள்தான் நஞ்சு. ஈரத்துணியால் துடைத்து, மேலே மெழுகு பூசி, பெயின்ட்டை அப்படியே விடுங்கள்.

பெட்ரோமாக்ஸ் வகை விளக்குகளின் பழைய மேன்டில்களில், அதாவது சூடேறி ஒளிரும் வலைப்பைகளில், கதிரியக்கத் தன்மையுள்ள தோரியம் இருக்கும். எரிந்த மேன்டில் தொட்டால் சாம்பலாக உதிரும், அந்தச் சாம்பலை ஊதவோ மூச்சில் இழுக்கவோ கூடாது. இருட்டில் ஒளிரும் பழைய கடிகார முகப்பில் ரேடியம் இருக்கலாம், கண்ணாடியைத் திறக்காதீர்கள். பழைய அடுப்பு, இஸ்திரித் தாங்கிகளில் சாம்பல் நிற நார்ப்பலகை இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸ் என்றே எண்ணிக் கையாளுங்கள். துணி சுற்றிய ஒயர் உள்ள மின்கருவியைச் சோதித்துப் பார்க்கக்கூடப் பிளக்கில் செருக வேண்டாம்.

சமையலுக்குப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். பற்றவைப்பில் ஈயமும், பழைய எனாமல் நிறங்களில் ஈயமும் காட்மியமும் இருக்கலாம்.

சுவரில் எப்படி மாட்டுவது?

ஒவ்வொரு கருவிக்கும் சுவரில் ஓட்டை போடாதீர்கள். 18 மில்லிமீட்டர் பலகை ஒன்றைச் சுவரில் உறுதியாகப் பொருத்தி, கொக்கிகளைப் பலகையில் அடியுங்கள். அடுக்கை மாற்றத் தோன்றும்போது, கட்டாயம் தோன்றும், சுவர் தப்பிக்கும். செங்கல் அல்லது கான்கிரீட் சுவரில் 8 மில்லிமீட்டர் துளை, ஸ்க்ரூவைப் பிடிக்க அதற்குள் செருகும் அதே அளவு பிளக், 5 மில்லிமீட்டர் ஸ்க்ரூ. பூச்சைத் தாண்டி செங்கலுக்குள் குறைந்தது 40 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். வெறும் பூச்சில் நிற்கும் பிளக் முதல் நாள் தாங்கும், ஆறாம் மாதம் பலகையோடு வரும். மாட்டப்போகும் மொத்த எடையைப்போல் மூன்று மடங்கு தாங்கும்படி கணக்குப் போடுங்கள்.

கருவியை அதன் வலுவான இடத்தில் தாங்க வேண்டும். கைப்பிடியில் தொங்கவிட்டால் பழைய பசை விடும். தலையைக் கீழிருந்து ஏந்தும் இரண்டு முளைகள், மேலே சரியாமல் தடுக்கும் ஒரு முளை என்று மூன்று போதும். முளைகளுக்குப் பாலித்தீன் அல்லது சிலிக்கான் குழாய் உறை போடுங்கள். பிவிசி குழாய் நாளடைவில் அமில ஆவி விடும். ரப்பரிலும் கம்பளித் துணியிலும் உள்ள கந்தகம் பித்தளையைக் கருக்கும். கனமானவை இடுப்புக்குக் கீழே. அலகுள்ளவை குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில், அலகு சுவரைப் பார்த்து.

எந்த மாதிரி அலமாரி நல்லது?

பவுடர் கோட்டிங் செய்த இரும்பும் கண்ணாடியும். ஓக் மரமும், மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த புது எம்டிஎஃப் பலகையும் வெளிவிடும் ஆவி, மூடிய அலமாரிக்குள் ஈயத்தை அரிக்கும். பழைய எடைக்கற்களை அடியில் திருப்பிப் பாருங்கள், எடையைச் சரிசெய்ய ஊற்றிய ஈயமும் அதன்மேல் பரிசோதகர் குத்திய முத்திரையும் இருக்கும். அந்த ஈயம் வெள்ளைப் பொடியாகப் பூத்தால் அலமாரிதான் குற்றவாளி. பொடி நஞ்சு, கையுறை போட்டு எடுத்து வேறிடத்துக்கு மாற்றுங்கள்.

ஈரப்பதத்தை 50 சதவீதத்தை ஒட்டி வைத்திருங்கள். 60ஐத் தாண்டினால் துரு வேகம் பிடிக்கும், மிகவும் குறைந்தால் மரம் வெடிக்கும். மலிவான ஈரப்பதமானி ஒன்றை உள்ளேயே வையுங்கள். வெயில் நேராகப் படக் கூடாது. காகித லேபிள் உள்ள பொருளுக்கு 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் வேண்டாம்.

எண் எழுதுவது, பதிவு வைப்பது எப்படி?

பொருளின் மேல் பேனாவால் எழுதாதீர்கள், ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். பருத்தி நூலில் கட்டிய சிறு அட்டையே போதும். பதிவேட்டில் எண், வாங்கிய நாள், கொடுத்தவர் சொன்ன விவரம், நீளம், எடை, பொறித்த எழுத்துகள் அப்படியே, நீங்கள் செய்த வேலை. விற்றவர் 'இது என் தாத்தா கூடை முடையப் பயன்படுத்தியது' என்று சொன்னால் அவர் சொன்ன வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். கருவியைப் பத்து வருடம் கழித்தும் ஆராயலாம், அந்த ஒரு வரியை மறுபடி கேட்க ஆள் இருக்க மாட்டார்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை கவனிக்க வேண்டும்?

மாதம் ஒருமுறை உலர்ந்த மென்மையான பிரஷால் தூசி. தூசி ஈரத்தை இழுத்துப் பிடிக்கும், துரு அங்கேதான் தொடங்கும். ஆண்டுக்கு ஒருமுறை மெழுகு, ஈரமான பருவம் தொடங்குவதற்கு முன். விருந்தாளிகள் தொட்டுப் பார்த்தால் அன்றே துடைத்துவிடுங்கள். விரல் வியர்வையின் உப்பு, ஒரு வாரத்தில் ரேகையின் வடிவத்திலேயே இரும்பில் துருவாகப் பதியும்.